கை, கால், முழங்கால் எல்லாம் வேலையாக இருக்கும்போது எஃபெக்ட்டை மாற்றுவது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: பத்துக் கம்பி பெடல் ஸ்டீல் (கிடையாக வைத்து, கம்பிமேல் பாரை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார்) வாசிக்கிறீர்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலும், டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அரங்க முழக்கம்), ரோட்டரி (சுழலும் ஒலிபெருக்கியின் ஒலி) தரும் மல்டி-எஃபெக்ட் யூனிட்டும் ஒரே பலகையில், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஆம்ப் பக்கத்தில் இருக்கின்றன. பாட்டின் நடுவே எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரருக்குக் கண் காட்டுகிறீர்கள். அவர் பாவம், தன் பாட்டைக் கவனிப்பாரா, உங்கள் பலகையைக் கவனிப்பாரா? பாதி நேரம் வேறு எதையோ மிதித்துவிடுகிறார். ‘வயர்லெஸ் ரிமோட் ஒன்று வாங்கினால் தீருமா, எதை வாங்கலாம், தாமதம் வருமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்கலாம் என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. பாட்டின் எந்த இடத்தில், உங்கள் உடம்பில் எது அரை வினாடி சும்மா இருக்கிறது? அதைக் கண்டுபிடித்துவிட்டால் வாங்க வேண்டிய பொருள் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த ரிமோட் வாங்கினாலும், அதை அழுத்த ஒரு கை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மேடைக் கலைஞர்களுக்கு எஃபெக்ட் இணைப்பும் மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) அமைப்பும் செய்துகொடுப்பது என் வேலை. ஸ்டீல் வாசிப்பவர்களுக்கும் செய்திருக்கிறேன். ஆனால் நான் ஸ்டீல் வாசிப்பவன் இல்லை. அதனால் மின்சாரம், கேபிள், மிடி பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கால், முழங்கால் பற்றிச் சொல்வது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டது, உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். யூனிட்டின் மாடலை நீங்கள் சொல்லவில்லை என்பதால் சில இடங்களில் கையேட்டைப் பாருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நின்று வாசிக்கும் கிட்டார்காரருக்கு இந்தப் பிரச்சினையே இல்லை; இரண்டு காலும் அவருக்குச் சொந்தம். மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீலுக்கும் கால்கள் சும்மாதான் இருக்கின்றன, சாதாரண ஃபுட்ஸ்விட்ச் போதும். பெடல் ஸ்டீலின் கதை வேறு. வழக்கமான இ-9 என்ற சுருதி அமைப்பில் தரையில் மூன்று பெடல், முழங்காலுக்கு நான்கோ ஐந்தோ லீவர். இடது பாதம் முதல் இரண்டு பெடல்களை ஒருசேர மூடிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். இடது முழங்கால் இடமும் வலமும் தள்ளும், சில கிட்டார்களில் மேலேயும் தூக்கும். வலது முழங்காலுக்கும் இரண்டு லீவர். வலது பாதம் வால்யூம் பெடலில். இடது கையில் பார், வலது கையில் பிக். கணக்குப் பார்த்தால் எதுவும் மிச்சமில்லை. ஆனால் இவை எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. அங்கேதான் நமக்கு வழி இருக்கிறது.

வலது காலை முதலில் எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பாட் (நகர்த்தினால் மாறும் மின்தடை) வைத்த வால்யூம் பெடல் பெரும்பாலும் விட்ட இடத்திலேயே நிற்கும், சுருள்வில் வைத்ததுபோலத் திரும்பாது. எனவே பாதத்தை எடுத்துப் பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச்சைத் தொட்டுவிட்டு வரலாம், ஒலி அளவு மாறாது. சிக்கல் முழங்காலில் இருக்கிறது. வலது முழங்கால் ஒரு லீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதம் தரையைவிட்டு எழுந்தால், தொடை சற்றே உயர்ந்து, லீவர் ஒரு மயிரிழை நழுவும். ஒலித்துக்கொண்டிருக்கும் சுரம் சுருதி விலகி இறங்குவது கூட்டத்தில் கடைசி வரிசை வரை கேட்கும். ஆகவே வலது கால் ஸ்விட்ச்சை அழுத்துவது என்றால், அந்த இடத்தில் வலது முழங்கால் லீவர் எதுவும் பிடிபட்டிருக்கக் கூடாது. இதைப் பாட்டுப் பாட்டாகப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

இடது கால் இன்னும் கஷ்டம். பெடல் எதுவும் அழுத்தாத வெறும் கார்ட் ஒலிக்கும்போது அது சும்மாதான் இருக்கிறது, உண்மை. ஆனால் திரும்பி வரும்போது கண்ணால் பார்க்காமல் சரியாக அந்த இரண்டு பெடலுக்கும் நடுவே வந்து இறங்க வேண்டும். வலது பாதத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, வால்யூம் பெடல் அகலமானது, எங்கே இறங்கினாலும் பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச்சை எங்கே வைப்பது என்று கேட்டால், மூன்றாவது பெடலுக்கும் வால்யூம் பெடலுக்கும் இடையில் இருக்கும் வெற்றுத் தரையில், வால்யூம் பெடலை ஒட்டி, அதன் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக என்பேன். பாதத்தைத் தூக்காமல் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை மட்டும் இடப்பக்கம் திருப்பினால் எட்ட வேண்டும். ஸ்விட்ச்சின் வகையும் முக்கியம். எஃபெக்ட் பெட்டிகளில் வரும் ‘டக்’ என்று விழும் உலோக ஸ்விட்ச்சுக்கு நல்ல அழுத்தம் வேண்டும். உட்கார்ந்த நிலையில் அந்த அழுத்தத்தைக் கொடுக்கப் போனால் உடம்பே ஆடும். கீபோர்டுக்கு விற்கும் சஸ்டெய்ன் பெடல், அந்தச் சதுர வடிவக் குட்டிப் பெடல், மெதுவாக அழுந்தும், சத்தம் போடாது. எனக்குத் தெரிந்து ஸ்டீல் வாசிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான ஸ்விட்ச் கிடையாது.

பலர் யோசிக்காதது வலது கை. ஒரு சுரத்தை மீட்டியபின் அதை நீடிக்க வைப்பது பாரும் வால்யூம் பெடலும்தான். வலது கைக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை. நீண்ட சுரம் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க, சுரம் தேயத் தேயப் பாதம் பெடலை முன்னே தள்ளிக்கொண்டிருக்க, வலது கை ஒரு முழு வினாடி சுதந்திரமாக இருக்கும். கிட்டாரின் வலது முன்காலில் மைக் ஸ்டாண்டுக்கான கிளாம்ப் ஒன்றை மாட்டி, அதில் உள்ளங்கை அளவு தட்டு வைத்து, இரண்டு ஸ்விட்ச் உள்ள சின்னப் பெட்டியை அதில் ஒட்டினால் கை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து தொட்டுவிட்டு வரலாம். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் பிக் இருக்கும். உலோகப் பிக்கால் ஸ்விட்ச்சைத் தட்டினால் வழுக்கும், பிக் விரலைச் சுற்றித் திரும்பியும் போகும். மோதிர விரலில் பெரும்பாலோர் பிக் போடுவதில்லை. அந்த விரலின் மடிந்த கணுவால் தட்டுங்கள். தொடுதிரை இங்கே வேண்டாம். பிக் மாட்டிய விரலை அது நம்பகமாகப் படிக்காது, மேடை வெளிச்சத்தில் உங்களுக்கும் அதைப் படிக்க முடியாது. இன்னொன்று, பெட்டி உலோகமாக இருந்து, கிட்டாரின் உலோகச் சட்டமும் ஜாக்கின் எர்த்தும் இணைந்திருந்தால், இரண்டும் தொடும் இடத்தில் இரண்டாவது எர்த் பாதை உருவாகி இரைச்சல் வரலாம். நடுவே ஒரு ரப்பர் துண்டு வைத்தால் போதும்.

முழங்கால் லீவர் ஒன்றிலேயே மின் ஸ்விட்ச்சைப் பொருத்திவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். செய்ய முடியும். எனக்குப் பிடிக்காது. சுருதியை மாற்றப் பழகிய தசை, ஸ்விட்ச்சையும் சுருதி என்றே நினைத்துத் தள்ளும். பயன்படாத லீவர் ஒன்று உங்கள் கிட்டாரில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கை கால் தீர்ந்தபின் வாயைப் பிடித்தவர்களும் உண்டு. நாஷ்வில்லின் ஸ்டீல் கலைஞர் பீட் டிரேக் 1964-இல் ஸ்டீலின் ஒலியை ஒரு குழாய் வழியாகத் தன் வாய்க்குள் விட்டு, வாயசைவால் கிட்டாரைப் பேசவைத்தார். மிடியிலும் மூச்சுக்கென்றே இரண்டாம் எண் கன்ட்ரோல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஊதும் கன்ட்ரோலர்கள் அதைத்தான் அனுப்புகின்றன. நீங்கள் பாடவும் செய்கிறீர்கள் என்றால் அது உதவாது. பாதத்தின் பக்கவாட்டு அசைவையும் பழையவர்கள் விட்டுவைக்கவில்லை. 1950-களில் ஃபெண்டர் விற்ற ஒரு பெடலில் மேலும் கீழும் மிதித்தால் வால்யூம், இடமும் வலமும் திருப்பினால் டோன். ஒரே பாதத்தில் இரண்டு கட்டுப்பாடு. அந்த ‘பூ-வா’ ஒலி ஸ்டீல்காரர்கள் பலருக்கும் பழக்கமானது.

சரி, இப்போது தூரத்துக்கு வருவோம். எஃபெக்ட் பின்னால் இருக்கிறது, நீங்கள் முன்னால். இதில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று உண்டு: தூரம் போக வேண்டியது கட்டளை, ஒலி முடிந்தவரை குறைவாகப் பயணம் செய்யட்டும். ஸ்டீல் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் சுருள்) சாதாரணக் கிட்டார் பிக்கப்பைவிட அதிகச் சுற்று உள்ளது, அதன் மின்மறுப்பும் அதிகம். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் கொள்திறன் இருக்கும். இதற்கு நடுவே 500 கிலோ ஓம் பாட் உள்ள வால்யூம் பெடல் வருகிறது. பெடல் பாதியில் நிற்கும்போது, அதாவது மின்தடையின் நடுவில், அதன் வெளியீட்டு மின்மறுப்பு 125 கிலோ ஓம் வரை ஏறும். அதற்குப் பின் 6 மீட்டர் கேபிள் போட்டு எஃபெக்ட்டுக்கு அனுப்பினால், கணக்குப்படி 2,100 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்தே ஒலி சரியத் தொடங்கும். ஸ்டீலின் பளபளப்பெல்லாம் அதற்கு மேலேதான் இருக்கிறது. முழுசாக மிதித்தால் பளிச், பாதியில் மந்தம் என்று நீங்கள் எப்போதாவது உணர்ந்திருந்தால் காரணம் இதுதான். கிட்டாரிலிருந்து வெளிவந்ததும் ஒரு பஃபர் (வெளியீட்டு மின்மறுப்பைக் குறைக்கும் சின்ன மின்சுற்று), வால்யூம் பெடலைத் தாண்டியதும் இன்னொன்று. அல்லது பாட் இல்லாத மின்னணு வால்யூம் பெடல். இதைச் சரிசெய்யாமல் ரிமோட் வாங்கினால், மந்தமான ஒலியைத்தான் வசதியாக மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வரிசையும் இத்துடன் சேர்ந்தது. டிலேயும் ரிவெர்பும் வால்யூம் பெடலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் பாதத்தைப் பின்வாங்கும்போது எதிரொலியின் வால் அறுபடாமல் தானாகத் தேயும். ஓவர்டிரைவ் வால்யூம் பெடலுக்கு முன்னால் வந்தால் கரகரப்பின் அளவு மாறாமல் ஒலி மட்டும் ஏறி இறங்கும். பின்னால் வந்தால் பாதத்தை வைத்துக் கரகரப்பையே கட்டுப்படுத்தலாம். இதில் சரி தவறு இல்லை, ரசனை. பெரும்பாலானவர்கள் முன்னால் வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் உங்கள் பலகையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள் என்பது என் யோசனை. ஓவர்டிரைவ் பெட்டியைக் கிட்டாரின் காலில் மாட்டிய தட்டிலேயே, வலது கைக்கு எட்டும்படி வையுங்கள். நல்ல பஃபர் உள்ள ஓவர்டிரைவ் என்றால் முதல் பஃபர் வேலையும் அதிலேயே முடியும். மல்டி-எஃபெக்ட் மட்டும் பின்னால் இருக்கட்டும். ரிமோட் வேண்டியது அதற்கு மட்டும்தான். பாதிப் பிரச்சினை இங்கேயே காணாமல் போய்விடும்.

பின்னால் இருப்பதை இயக்க மிக எளிய வழி, யூனிட்டிலேயே இருக்கும் ஃபுட்ஸ்விட்ச் ஜாக். பல டிலேக்களிலும் ரோட்டரி யூனிட்டுகளிலும் வெளி ஸ்விட்ச்சுக்கு ஒரு ஓட்டை இருக்கும், டெம்போ தட்டுவதற்கோ வேகத்தை மாற்றுவதற்கோ. அதில் போவது ஒலி இல்லை, வெறும் தொடர்பு. எனவே கேபிள் நீளமாக இருந்தாலும் டோன் கெடாது. கவனிக்க வேண்டியது, யூனிட் எந்த வகை ஸ்விட்ச்சை எதிர்பார்க்கிறது என்பது: அழுத்தும்போது மட்டும் தொடர்பு கொடுப்பதா, ஒருமுறை அழுத்தினால் அப்படியே நிற்பதா. மாறிப்போனால் இரண்டு முறை அழுத்தினால்தான் ஒருமுறை மாறும். கீபோர்டு சஸ்டெய்ன் பெடல்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. சில அழுத்தும்போது இணையும், சில அழுத்தும்போது விடும். பல கருவிகள் இதை மின்சாரம் போடும் நொடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்; அந்த நேரத்தில் உங்கள் கால் பெடல்மேல் இருந்தால் நிகழ்ச்சி முழுக்கத் தலைகீழாக வேலை செய்யும். போட்ட பின் ஏதோ விபரீதமாகத் தோன்றினால், காலை எடுத்துவிட்டு ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இரண்டுக்கு மேல் ஒலிகள் வேண்டுமென்றால் மிடிதான். 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றும் மேடையில் இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியவில்லை. வினாடிக்கு 31,250 பிட். ஒரு ப்ரீசெட்டை (சேமித்து வைத்த ஒலி அமைப்பை) மாற்றும் செய்தி இரண்டு பைட், ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. பழைய ஐந்து முனைக் கேபிள் 15 மீட்டர் வரை போகலாம் என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது, உங்கள் மேடைக்கு ஏராளம். ஸ்டீல்காரருக்கு இதில் இன்னொரு நல்லது: செய்தியைப் பெறும் முனையில் ஒளி வழித் தனிமைப்படுத்தி இருக்கும், மின்சார இணைப்பே கிடையாது. அதனால் மிடி கேபிளால் எர்த் லூப் இரைச்சல் வராது. ஒற்றைச் சுருள் பிக்கப்பும் மேடை விளக்குகளும் சேர்ந்து தரும் இரைச்சலே போதும் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிடியில் பலர் முதல் நாள் மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். சேனல் ஒத்துப்போக வேண்டும், 1 முதல் 16 வரை இருக்கிறது, அனுப்புவதும் பெறுவதும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். ப்ரீசெட் எண் ஒன்று தள்ளிப்போகும்: மிடி உள்ளுக்குள் 0 முதல் 127 வரை எண்ணுகிறது, சில கருவிகள் திரையில் 1 முதல் 128 வரை காட்டுகின்றன. நீங்கள் 5 அனுப்ப, அங்கே 6 வந்தால் பழுது இல்லை. மூன்றாவது மின்சாரம். ஐந்து முனைகளில் செய்திக்கு 4-உம் 5-உம், கவசத்துக்கு 2. மிச்சமிருக்கும் 1, 3 வழியாகச் சில ஃபுட் கன்ட்ரோலர்கள் மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. காலடியில் அடாப்டர் வேண்டாம், நல்ல வசதி. ஆனால் எல்லா மிடி கேபிளிலும் அந்த இரண்டு முனைகள் இணைக்கப்பட்டிருப்பதில்லை. கடையில் வாங்கியதும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

தாமதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிடியில் தாமதம் இல்லை என்றேன், ஆனால் யூனிட்டுக்குள் இருக்கலாம். ப்ரீசெட்டை மாற்றினால் சில யூனிட்டுகள் எல்லா எஃபெக்ட்டையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றும். அந்த இடைவெளியில் ஒலி ஒரு கணம் அறுபடும், டிலேயின் வாலும் போய்விடும். பேஸுக்கோ ரிதம் கிட்டாருக்கோ இது பெரிதாகத் தெரியாது. தொடர்ந்து ஒலிக்கும் ஸ்டீலில் அப்பட்டமாகத் தெரியும். இதற்குத்தான் ஒரே ப்ரீசெட்டுக்குள் பல நிலைகளைச் சேமிக்கும் வசதி வந்தது. லைன் 6 ஹீலிக்ஸில் அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர், ஃபிராக்டலில் சீன். அப்படி மாறும்போது எஃபெக்ட்டுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் வால் அறுபடுவதில்லை. உங்கள் யூனிட்டில் அது உண்டா, அதை மிடியால் மாற்ற முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். முடியாவிட்டால், எஃபெக்ட்டுகளைத் தனித்தனியாகக் கன்ட்ரோல் எண்ணால் போட்டு அணைப்பது அடுத்த வழி. அதுவும் இல்லையென்றால், ப்ரீசெட்டை மாற்றும் இடத்தை நீங்கள் மூச்சுவிடும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி எத்தனை ஸ்விட்ச்? பத்து ஸ்விட்ச் உள்ள நீளமான ஃபுட் கன்ட்ரோலரை வாங்கி ஸ்டீலுக்கு அடியில் திணிக்கப் பார்ப்பார்கள். இடமே இருக்காது, இருந்தாலும் பார்க்க முடியாது. என் கருத்தில் ஸ்டீலுக்கு வேண்டியது இரண்டு. ஒன்று ‘அடுத்தது’. இன்னொன்று ‘வீடு’, அதாவது எங்கே இருந்தாலும் சுத்தமான ஒலிக்குத் திரும்பி வருவது. எந்தப் பாட்டில் எந்த ஒலி எந்த வரிசையில் என்பதை வீட்டிலேயே அடுக்கிவிட்டால், மேடையில் யோசிக்க ஒன்றும் இல்லை: தொடக்கம் சுத்தம், இடையிசை டிலேயுடன், கடைசிச் சுற்று ரோட்டரி. தட்டினால் அடுத்தது. பதற்றத்தில் இரண்டு முறை தட்டிவிட்டால் ‘வீடு’. முந்தையதற்குத் திரும்பும் ஸ்விட்ச் வேண்டாமா என்றால், வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு படி முன்னா, இரண்டு படி முன்னா என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். சுத்தமான ஒலி எப்போதும் தப்பாகக் கேட்காது. ‘அடுத்தது’ காலுக்கு, ‘வீடு’ கைக்கு. பாட்டு வரிசை மேடையிலேயே மாறும் குழு உங்களுடையது என்றால் பாட்டைத் தேர்ந்தெடுக்க மூன்றாவதாக ஒன்று வேண்டும், ஆனால் அதை இரண்டு பாட்டுக்கு நடுவே சாவகாசமாக அழுத்தலாம், எங்கே இருந்தாலும் சரி.

ஒலிகளை அடுக்கும்போது அளவைச் சமப்படுத்துவது தனி வேலை. வீட்டில் மெல்லிய ஒலியில் சமமாகக் கேட்ட இரண்டு ப்ரீசெட் மேடையில் சமமாக இருக்காது. கரகரப்பான ஒலி ஏற்கெனவே அமுங்கியது, சுத்தமான ஒலிக்குத்தான் உச்சங்கள் அதிகம். குழுவோடு ஒத்திகையில், மேடை ஒலி அளவில், ஒருமுறை உட்கார்ந்து திருத்துங்கள். டிலே நேரத்தைத் தட்டி அமைப்பதைவிட முன்பே எண்ணாகச் சேமிப்பது ஸ்டீலுக்கு நல்லது, இன்னொரு ஸ்விட்ச் மிச்சம். 60,000-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிவினாடி என்று வந்துவிடும். நிமிடத்துக்கு 100 அடி என்றால் 600; அதில் முக்கால் வேண்டுமென்றால் 450.

அப்புறம் நீங்கள் நேராகக் கேட்டது, வயர்லெஸ். புளூடூத் மிடி வேலை செய்கிறது, அதில் ஐயமில்லை. ஸ்விட்ச் தட்டுவதற்கு அதன் தாமதம் ஒரு பொருட்டே இல்லை, சில மில்லிவினாடிகள்தான். பயப்பட வேண்டியது விட்டுப்போவதற்கு. அது ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபையும் அங்கேதான், கூட்டத்தில் இருக்கும் அத்தனை கைப்பேசிகளின் புளூடூத்தும் அங்கேதான். மனித உடம்பு அந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். ஒலிச் சோதனையின்போது காலி அரங்கில் கச்சிதமாக வேலை செய்த இணைப்பு, கூட்டம் நிறைந்தபின் தடுமாறலாம். சோதித்துப் பார்த்துவிட்டேன் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மின்கலத்தைச் சேமிக்கச் சில நிமிடத்தில் தூங்கிவிடும் கன்ட்ரோலர்களும் இருக்கின்றன. மெல்லிசைப் பாட்டில் மூன்று நிமிடம் எதையும் தொடாமல் இருந்துவிட்டுக் கடைசியில் தட்டினால் அது விழித்துக்கொண்டு இணைவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். தூங்காமல் வைக்கும் அமைப்பு உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு வயர்லெஸ் தேவையே இல்லை. நீங்கள் மேடையில் நடமாடுவதில்லை, ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், வால்யூம் பெடலிலிருந்து ஆம்புக்கு எப்படியும் ஒரு கேபிள் போகத்தான் போகிறது. அதோடு ஒரு மிடி கேபிளையும் சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. மேடையைப் பத்து நிமிடத்தில் காலிசெய்து அடுத்த குழுவுக்குத் தர வேண்டிய நிகழ்ச்சிகளில் கேபிள் ஒன்று குறைந்தால் நிம்மதி என்பது உண்மைதான். அந்தக் காரணத்துக்காக வயர்லெஸ் வைத்துக்கொண்டால், ஐந்து முனைக் கேபிளும் ஒன்று பையில் இருக்கட்டும், இரண்டையும் ஏற்கும் கன்ட்ரோலராக வாங்குங்கள்.

வால்யூமையும் ரிமோட்டில் விடலாம் என்று யாராவது சொல்லக்கூடும்: வால்யூம் பெடலுக்குப் பதில் எக்ஸ்பிரஷன் பெடல், ஒலி நேராகப் பின்னால் போய்விடும், மிடியில் வால்யூம் கட்டளை மட்டும். கேட்க அழகாக இருக்கும். ஆனால் சாதாரண மிடி கன்ட்ரோலில் 128 படிகள்தான். ஸ்டீலில் ஒரு சுரத்தை நான்கு வினாடி மெதுவாக ஏற்றும்போது அந்தப் படிகள் காதில் விழலாம். விழுமா விழாதா என்பது யூனிட் அவற்றை எவ்வளவு வழவழப்பாக்குகிறது என்பதைப் பொறுத்தது, அதைக் காதால் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். யூனிட்டிலேயே எக்ஸ்பிரஷன் ஜாக் இருந்தால் அதில் நேராகச் செருகுவது மிடியைவிட மேலாக இருக்க வாய்ப்புண்டு. பெடலின் இணைப்பு முறை இரண்டு விதமாக வருவதால் யூனிட்டுக்குப் பொருந்துவதை வாங்குங்கள். நான் செய்வதென்றால் வால்யூமை ஒலிப் பாதையிலேயே விட்டுவிடுவேன். மற்ற எல்லாம் செயலிழந்தாலும் பாதமும் வால்யூமும் உங்கள் கையில் இருக்கும்.

கிட்டார்காரருக்குப் பதில் ஒலிப் பொறியாளரை மாற்றச் சொல்வதும், மடிக்கணினியிலிருந்து தானாக மாறும்படி வைப்பதும் மீதி வழிகள். கிளிக்கோடு (காதில் ஒலிக்கும் தாளத் தட்டோடு) வாசிக்கும் குழு என்றால் இரண்டாவது அருமையாக வேலை செய்யும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். இடையிசையை நினைத்த நேரத்துக்கு நீட்டும் குழு என்றால் இரண்டும் கைகொடுக்காது.

ஆகவே வாங்குவதற்கு முன் இப்படிச் செய்து பாருங்கள். ஒத்திகையில் உங்கள் காலையும் முழங்காலையும் கைப்பேசியில் படமெடுங்கள். ஒலி மாற வேண்டிய இடங்களில் எது சும்மா இருக்கிறது என்று பார்த்துப் பாட்டுத் தாளில் குறியுங்கள். ஒரு தீப்பெட்டியை அந்த இடத்தில் ஒட்டி, ஸ்விட்ச் என்று நினைத்துக்கொண்டு இரண்டு ஒத்திகை வாசியுங்கள். தீப்பெட்டி நசுங்காமல், சுருதி விலகாமல் தொட முடிகிறது என்றால் சஸ்டெய்ன் பெடலும், அதைச் செருக இரண்டு ஜாக் உள்ள சின்ன மிடி கன்ட்ரோலரும் போதும். எஃபெக்ட் யூனிட்டின் மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்து வையுங்கள்: வால்யூம் பெடலிலிருந்து நேராக ஆம்புக்கு எட்டும் நீளத்தில் ஒரு கேபிள், ஆம்ப்பின் மேலேயே சுற்றி வைத்தது. யூனிட்டின் மாடலையும், வலது முழங்கால் லீவர்களை எந்தெந்தக் கார்டில் பிடிக்கிறீர்கள் என்பதையும் எழுதினால், மிடி அமைப்பின் மீதியை இங்கேயே எழுதித் தருகிறேன்.